நம்மைத் திட்டும் பத்திரிகை நமக்கு எதற்கு?

திருவாதவூர்ப் படிப்பகத்தில் ஒரு தகராறு. கைகலப்பு ஒன்றும் இல்லை. ஆனால் இரண்டு பெஞ்சு நிறைய ஜனங்கள் உட்கார்ந்து இரவு பத்து மணி வரை சத்தம் போட்டார்கள். விஷயம் இதுதான். படிப்பகத்துக்கு வரும் பத்திரிகைகளில் ஒன்று நமக்கு ஆகாத கட்சியைச் சேர்ந்தது. நூறு நாள் வேலை வந்த நாள் முதல் விவசாயக் கூலிகள் சோம்பேறிகளாகிவிட்டார்கள், மரத்தடியில் உட்கார்ந்து சம்பளம் வாங்கிப் பழகியவர்கள் இனி வயலில் இறங்கவே மாட்டார்கள், இவர்களைக் கெடுத்தவர்கள் சங்கக்காரர்கள் என்று அதில் ஒரு கட்டுரை வந்தது. மறுநாள் காலையில் அந்தப் பக்கத்தைக் காணோம். யாரோ கிழித்துவிட்டார்கள்.

கிழித்தவர் ஒளிந்துகொள்ளவில்லை. நூல் மில்லில் வேலை செய்யும் இளந்தோழர் ஒருவர் எழுந்து நின்றார். "நான்தான் கிழிச்சேன். எங்க ஆத்தாவுக்கு அறுபது வயசாகப் போகுது. இன்னைக்கும் சேத்துல நின்னு நாத்து நடுது. அதைப் போயி சோம்பேறின்னு எழுதுறான். நம்ம சந்தாக் காசுல அவன் பேப்பரை எதுக்கண்ணே வாங்கணும்?" என்று கேட்டார். பலர் தலையை ஆட்டினார்கள். பேப்பரை நிறுத்திவிட வேண்டும் என்று தீர்மானமும் வந்துவிட்டது.

அப்போது பின்பெஞ்சிலிருந்து ஒரு பெரியவர் பேசினார். அவர் நம் கட்சிக்காரர் அல்ல. அந்தப் பத்திரிகைக்காகவே தினமும் படிப்பகத்துக்கு வருகிறவர். "நிறுத்துறதுன்னா நிறுத்திக்கங்கப்பா. என் சந்தாவையும் திருப்பிக் குடுத்துருங்க. நாம் படிக்கிறதைப் படிக்கக் கூடாதுன்னு சொல்றதுக்குப் பேரு படிப்பகமா?" என்றார். இந்தப் பெரியவர், டங்ஸ்டன் சுரங்கம் வேண்டாம் என்று 2025 ஜனவரி 7-ந் தேதி நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைக்கு மேலூர் வட்டாரமே நடந்தபோது நம்மோடு நடந்தவர். அன்று வெயிலில் யார் எந்தப் பேப்பர் படிக்கிறார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

தீர்மானத்தை அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைத்துவிட்டு நம்மிடம் அபிப்பிராயம் கேட்டார்கள். இளந்தோழரின் கோபம் நியாயமானது. உழைக்கிறவனைச் சோம்பேறி என்பதைவிடப் பெரிய அவதூறு கிடையாது. ஆனால் பேப்பரை நிறுத்துவது, பக்கத்தைக் கிழிப்பது, இரண்டும் தவறு என்பதே நமது கருத்து. ஏன் என்று சொல்வதற்கு 1950-ம் ஆண்டுக்குப் போக வேண்டியிருக்கிறது.

அந்த ஆண்டு ஜனவரி 26-ந் தேதி அரசியல் சட்டம் அமுலுக்கு வந்தது. பேச்சுச் சுதந்திரம், எழுத்துச் சுதந்திரம் எல்லாம் 19-வது ஷரத்தில் பொன்னெழுத்தில் இருந்தன. சென்னை ராஜ்யத்தில் நடந்தது என்ன? கம்யூனிஸ்ட் கட்சி 1949-லேயே சட்டவிரோதம் என்று அறிவிக்கப்பட்டிருந்தது. ஆயிரக்கணக்கானோர் விசாரணையின்றிச் சிறையில் கிடந்தார்கள். அரசியல் சட்டத்துக்கு ஒரு மாதம்கூட நிறையாத 1950 பிப்ரவரி 11-ந் தேதி சேலம் சிறைக்குள் துப்பாக்கிப் பிரயோகம் நடந்தது. 22 தோழர்கள் பிணமானார்கள். பதினெட்டு நாள் கழித்து, மார்ச் 1-ந் தேதி, குமாரசாமி ராஜா மந்திரி சபையின் சர்க்கார் ஓர் உத்தரவு போட்டது. பம்பாயிலிருந்து வரும் "கிராஸ் ரோட்ஸ்" என்ற இடதுசாரி ஆங்கில வாரப் பத்திரிகை சென்னை ராஜ்யத்துக்குள் நுழையவும் கூடாது, விற்கவும் கூடாது என்றது அந்த உத்தரவு.

இங்கிலீஷ் பத்திரிகை, அதுவும் பம்பாய்ப் பத்திரிகை! மதுரை மில் கேட்டில் அதை எத்தனை பேர் படித்திருப்பார்கள்? மேலூர்ச் சந்தையில் அதன் பெயரையாவது கேட்டவர் உண்டா? ஆனாலும் சர்க்காருக்குப் பயம். அதன் ஆசிரியர் ரமேஷ் தாப்பர் நேராகச் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். முதலில் சென்னை ஹைகோர்ட்டுக்கல்லவா போக வேண்டும் என்று ஆட்சேபம் கிளப்பினார்கள். கோர்ட் அதை ஏற்கவில்லை. 1950 மே 26-ந் தேதி தீர்ப்பு வந்தது. பெரும்பான்மை நீதிபதிகளின் சார்பில் எழுதியவர் பதஞ்சலி சாஸ்திரி. சென்னையில் வக்கீலாகவும் ஹைகோர்ட் நீதிபதியாகவும் இருந்தவர். கம்யூனிஸத்தோடு ஒட்டோ உறவோ இல்லாதவர். சர்க்கார் காட்டிய காரணம் "பொதுப் பாதுகாப்பு". அவர் சொன்னதன் சாரம் இது: தெருவில் வண்டியைக் கண்டபடி ஓட்டினால் அதுவும் பொதுப் பாதுகாப்பைக் கெடுக்கும் குற்றந்தான், இவ்வளவு அகலமான வார்த்தையைக் காட்டிப் பத்திரிகையின் வாயை அடைக்க முடியாது, ராஜ்யத்தின் அஸ்திவாரத்தையே ஆட்டும் ஆபத்து இருந்தால்தான் அடைக்கலாம். தடையுத்தரவு ரத்தாயிற்று.

இதுவரையில் உள்ள கதையை நமது கூட்டங்களில் பலமுறை சொல்லியிருக்கிறோம். சொல்லாமல் விட்ட பாதி ஒன்று உண்டு. அதே மே 26-ந் தேதி, அதே நீதிபதிகள், அதே காரணங்களைச் சொல்லி, இன்னொரு பத்திரிகைக்கும் விடுதலை தந்தார்கள். அது டில்லியிலிருந்து வந்த "ஆர்கனைசர்". ஆமாம், ஆர்.எஸ்.எஸ். பத்திரிகைதான். வகுப்புப் பிரச்னை பற்றியும் பாகிஸ்தான் பற்றியும் எதை எழுதினாலும், கேலிச்சித்திரம் உட்பட, முன்கூட்டியே அதிகாரியிடம் இரண்டு பிரதி காட்டி அனுமதி வாங்க வேண்டும் என்று டில்லி அதிகாரிகள் போட்ட உத்தரவை அன்றே கோர்ட் அடித்து நொறுக்கியது. பத்திரிகையை வெளியிட்டவர் பிரிஜ் பூஷண் என்பவர். இரண்டு வழக்கையும் வக்கீல்கள் இன்றைக்கும் ஒரே மூச்சில் சொல்லுவார்கள்.

தோழர்களே, இதை யோசித்துப் பாருங்கள். உலகத்தில் எதிலும் ஒத்துப்போகாத இரண்டு கூட்டம். ஒருவர் பத்திரிகையை மற்றவர் தொடவும் மாட்டார். ஆனால் சட்டத்தில் இருவரையும் ஒரே கயிற்றில் கட்டியிருந்தது. ஆர்கனைசருக்கு முன்தணிக்கை சரி என்று கோர்ட் சொல்லியிருந்தால், அந்த வாசகம் மறுநாளே ஜனசக்தியின் கழுத்துக்கு வந்திருக்கும். அந்தப் பத்திரிகையின் கொள்கை நமக்கு அன்றும் விஷம், இன்றும் விஷம். இருந்தும் அந்த விஷத்துக்குக் கிடைத்த சுதந்திரத்தில் நமது பங்கும் இருந்தது.

சர்க்கார் சும்மா இருக்கவில்லை. கோர்ட் கதவைச் சாத்தினால் சட்டத்தையே மாற்றுவோம் என்று கிளம்பினார்கள். நேருஜி 1951 மே மாதம் மசோதா கொண்டுவந்தார். ஜூன் 18-ந் தேதி அது சட்டமாயிற்று. "பொது ஒழுங்கு", "அந்நிய நாடுகளுடன் சிநேக உறவு", "குற்றம் செய்யத் தூண்டுதல்" என்று மூன்று புதிய பூட்டுகள். ஒரு நல்ல காரியமும் நடந்தது: கட்டுப்பாடு "நியாயமானதாக" இருக்க வேண்டும் என்ற ஒரு சொல்லைச் சேர்த்தார்கள். பிற்காலத்தில் பல வழக்குகளை ஜெயித்துக் கொடுத்தது அந்த ஒரு சொல்தான். இந்தத் திருத்தத்தைப் பார்லிமெண்டில் மிகக் கடுமையாக எதிர்த்துப் பேசியவர் யார் தெரியுமா? அதே ஆண்டில் ஜனசங்கத்தை ஆரம்பித்த சியாமா பிரசாத் முகர்ஜி. எழுதக் கை கூசுகிறது. ஆனால் நடந்தது நடந்ததுதான்.

இன்னொரு வழக்கு நமது படிப்பகத்துக்கு இன்னும் நெருங்கிய உறவு. சென்னையில் மக்கள் கல்விச் சங்கம் என்று ஒரு ஸ்தாபனம் இருந்தது. விஞ்ஞானம், சமூக சாஸ்திரம், இலக்கியம், நாடகம் ஆகியவற்றை ஜனங்களிடம் பரப்புவது அதன் வேலை. கம்யூனிஸ்ட் கட்சிக்கு உதவுகிறது என்று சொல்லி 1950 மார்ச் 10-ந் தேதி சர்க்கார் அதைச் சட்டவிரோதமாக்கியது. அதன் பொதுச் செயலாளர் வக்கீல் வி.ஜி. ராவ் வழக்காடினார். சென்னை ஹைகோர்ட்டில் ஜெயித்தார். சர்க்கார் அப்பீல் செய்தது. 1952 மார்ச் 31-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டிலும் ஜெயித்தார். ஒரு சங்கம் ஆபத்தானது என்று சர்க்கார் தன் மனத்தில் நினைத்துக்கொண்டால் போதாது. அதை ஒரு நீதிமன்றம் பரிசீலிக்க வழி வேண்டும் என்றது தீர்ப்பு. இன்று கிராமத்தில் நாலு பேர் கூடி ஒரு பெஞ்சும் ஒரு பேப்பரும் போட்டுப் படிப்பகம் நடத்துகிறோமே, அதன் அடியில் இப்படி ஒரு கல் கிடக்கிறது.

இதே மாதங்களில் அமெரிக்காவில் நடந்ததையும் பார்க்க வேண்டும். சுதந்திர தேவிக்குச் சிலை வைத்திருக்கும் நாடு அது. பேச்சையும் பத்திரிகையையும் குறைக்கும் சட்டம் எதையும் காங்கிரஸ் சபை இயற்றக் கூடாது என்று 1791-லேயே அவர்கள் அரசியல் சட்டத்தில் முதல் திருத்தமாக எழுதிவைத்தார்கள். அங்கே முதல் திருத்தம் கொடுத்தது, இங்கே முதல் திருத்தம் எடுத்தது என்று சொல்லலாம். ஆனால் எழுத்து வேறு, நடப்பு வேறு. யூஜின் டெப்ஸ் என்ற சோஷலிஸ்ட் தொழிலாளர் தலைவர் 1918-ல் யுத்தத்தை எதிர்த்து ஒரு கூட்டத்தில் பேசினார். பேசியதற்குப் பத்தாண்டு சிறை. சுப்ரீம் கோர்ட்டில் ஒரு நீதிபதிகூட அவர் பக்கம் நிற்கவில்லை. 1920-ல் சிறைக்குள் இருந்தபடியே ஜனாதிபதி தேர்தலில் நின்றார். ஒன்பது லட்சம் பேருக்குமேல் அவருக்கு ஓட்டுப் போட்டார்கள். அடுத்த ஆண்டுக் கடைசியில்தான் வெளியே விட்டார்கள்.

நாம் சொல்ல வந்த பாடம் இதற்குப் பிந்தியது. 1940-ல் ஸ்மித் சட்டம் என்று ஒன்று வந்தது. சர்க்காரைப் பலாத்காரமாகக் கவிழ்க்க வேண்டும் என்று போதித்தாலே குற்றம். கவிழ்க்க ஒரு கல்லைக்கூட எடுத்திருக்க வேண்டியதில்லை. இந்தச் சட்டம் முதலில் யார் மேல் பாய்ந்தது? மினியாபொலிஸ் நகரத்து லாரித் தொழிலாளர் சங்கத்தின் தலைவர்கள் மேல். 1934-ல் போலீஸ் துப்பாக்கிக்கு நடுவில் மாபெரும் வேலைநிறுத்தம் நடத்தி ஜெயித்த சங்கம் அது. தலைவர்கள் டிராட்ஸ்கியின் கோஷ்டியைச் சேர்ந்தவர்கள். 1941-ல் 29 பேர் மேல் வழக்குப் போட்டு 18 பேரைத் தண்டித்தார்கள். அப்போது அமெரிக்கக் கம்யூனிஸ்ட் கட்சி என்ன செய்தது? கண்டிக்கவில்லை. எதிர்க் கோஷ்டிதானே என்று அந்த வழக்கை ஆதரித்தது!

ஏழே ஆண்டு. 1948 ஜூலையில் அதே ஸ்மித் சட்டத்தின் கீழ் அந்தக் கம்யூனிஸ்ட் கட்சியின் 12 தலைவர்கள் மேல் வழக்கு வந்தது. அவர்களில் ஒருவர் பெஞ்சமின் டேவிஸ். நியூயார்க் நகரசபைக்கு ஹார்லெம் நீக்ரோ ஜனங்கள் தேர்ந்தெடுத்து அனுப்பிய கறுப்பினத் தோழர். விசாரிக்கப்பட்ட 11 பேரும் 1949 அக்டோபரில் குற்றவாளிகள் எனப்பட்டார்கள். சாட்சியம் என்ன? வெடிகுண்டா? மார்க்ஸ், லெனின் புத்தகங்களைக் கோர்ட்டில் வாசித்துக் காட்டினார்கள். அவர்களுக்காக வாதாடிய வக்கீல்களையும் கோர்ட் அவமதிப்பு என்று உள்ளே தள்ளினார்கள். 1951 ஜூன் 4-ந் தேதி சுப்ரீம் கோர்ட் தண்டனையை உறுதி செய்தது. இங்கே நமது அரசியல் சட்டத்துக்குப் பூட்டுப் போட்ட நாளுக்குச் சரியாக இரண்டு வாரம் முந்தி. நீதிபதிகள் பிளாக், டக்ளஸ் இருவர் மட்டும் மாறுபட்டார்கள். ஆவேசம் அடங்கிய காலத்தில் வேறொரு கோர்ட் இதைச் சரி செய்யும் என்று நம்புவதாகப் பிளாக் எழுதிவைத்தார். 1957-ல் அந்தச் சட்டத்தின் பல்லைக் கோர்ட்டே பெரும்பாலும் பிடுங்கிவிட்டது. அதற்குள் எத்தனை பேருக்கு வேலை போயிற்று, எத்தனை குடும்பம் தெருவுக்கு வந்தது! நம் ஊர் டாக்கீஸில் பார்த்துச் சிரித்த சார்லி சாப்ளினைக்கூட 1952-ல் கப்பலில் போய்க்கொண்டிருக்கும்போதே இனித் திரும்பி வர அனுமதியில்லை என்று சொன்னார்கள்.

மெக்கார்த்தியை நாம் வாய் வலிக்கத் திட்டியிருக்கிறோம். திட்ட வேண்டியதுதான். ஆனால் 1941-ல் கை தட்டிய நமது அமெரிக்கத் தோழர்களையும் நினைக்க வேண்டும். எதிராளியை அடிக்க எடுத்துக் கொடுத்த தடி நம் முதுகுக்கு வர ஏழு ஆண்டுதான் ஆயிற்று.

அந்நிய நாட்டுக் கதையை மட்டும் சொல்லி நாம் தப்பிக்கவும் கூடாது. 1975-ல் இந்திரா காந்தி அவசரநிலை கொண்டுவந்து எல்லாப் பத்திரிகைக்கும் தணிக்கை போட்டபோது, கம்யூனிஸ்ட் இயக்கத்தில் ஒரு பகுதி சிறைக்கும் தலைமறைவுக்கும் போயிற்று. இன்னொரு பகுதி அவசரநிலையை ஆதரித்தது. ஆதரித்த கட்சியே 1978-ல் பட்டிண்டா மகாநாட்டில் அது தவறு என்று சொல்லிவிட்டது. சொல்லியது கௌரவமான காரியம். மாஸ்கோவில் 1966-ல் சின்யாவ்ஸ்கி, டானியல் என்ற இரு எழுத்தாளர்களை அவர்கள் எழுதிய கதைகளுக்காகவே தண்டித்தார்கள். பிரான்சு, இத்தாலிக் கம்யூனிஸ்டுகள் அதைப் பகிரங்கமாகக் கண்டித்தார்கள். எதிராளி நம்மைப் பார்த்து இதையெல்லாம் கேட்பான். கேட்கட்டும். உள்ளதை ஒப்புக்கொண்டு பேசுகிறவனுக்குத்தான் வாதத்தில் பலம்.

சர்க்கார் மட்டுமே வாயை அடைக்கிறது என்றும் நினைக்க வேண்டாம். கூட்டமும் அடைக்கும். பெருமாள்முருகனின் "மாதொருபாகன்" நாவலுக்கு எதிராகத் திருச்செங்கோட்டில் புத்தகத்தைக் கொளுத்தினார்கள், கடையடைப்பு நடத்தினார்கள். 2015 ஜனவரி 12-ந் தேதி நாமக்கல்லில் அதிகாரிகள் முன்னிலையில் சமாதானப் பேச்சு என்று அழைத்து, எழுத்தாளரிடமே கையெழுத்து வாங்கினார்கள். எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று அவரே அறிவிக்கும் நிலை வந்தது. அந்தக் கையெழுத்து யாரையும் கட்டுப்படுத்தாது, பிடிக்காதவர் புத்தகத்தைப் படிக்காமல் தூரப் போடலாம் என்று 2016 ஜூலை 5-ந் தேதி சென்னை ஹைகோர்ட் தீர்ப்பளித்தது. வழக்கை நடத்தியவர்களில் முற்போக்கு எழுத்தாளர் சங்கத்துத் தோழர்களும் உண்டு.

நமது ஊருக்கே இந்த விஷயத்தில் ஒரு பழைய கதை இருக்கிறது. மாணிக்கவாசகர் பிறந்த ஊர் என்று திருவாதவூருக்குப் பெருமை. அந்த ஊரிலேயே ஓவாமலையில் சமண முனிவர்கள் படுத்த கற்படுக்கையும், அதன் மேல் பிராமி எழுத்தும் இருக்கின்றன. மதுரையில் எண்ணாயிரம் சமணரைக் கழுவேற்றியதாகப் பெரியபுராணம் சொல்லுகிறது. நிஜமாக நடந்ததா என்று சரித்திரம் படித்தவர்கள் வாதாடிக்கொள்ளட்டும். அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளவும் ஒரு காலம் இருந்ததே, அதுதான் நம்மை உறுத்துகிறது. வாதத்தில் ஜெயித்தவனுக்குக் கழுமரம் எதற்கு?

அப்படியானால் எவன் எதைச் சொன்னாலும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டுமா என்று ஒரு தோழர் கேட்டார். நல்ல கேள்வி. மேலூர் வட்டாரத்தில் இருக்கிறவர்களுக்கு அதன் பதில் ரத்தத்தில் எழுதியிருக்கிறது. மேலவளவு ஊராட்சி தாழ்த்தப்பட்டவர்களுக்கு ஒதுக்கப்பட்டபோது, நிற்காதே, நின்றால் உயிரோடு இருக்க மாட்டாய் என்று மிரட்டினார்கள். மீறி நின்று ஜெயித்துத் தலைவரான முருகேசனையும் உடன் வந்தவர்களையும் 1997 ஜூன் 30-ந் தேதி வெட்டிக் கொன்றார்கள். கொல்லுவேன் என்பது அபிப்பிராயம் இல்லை. சேரியைக் கொளுத்து என்று கூட்டத்தை ஏவிவிடுவதும் அபிப்பிராயம் இல்லை. அதற்கு இடம் கிரிமினல் கோர்ட். தாழ்த்தப்பட்டவர் பேச ஆரம்பித்தவுடன் அவர் வாயை மூடத்தான் அந்த மிரட்டல் பிறந்தது. விவசாயத் தொழிலாளி சோம்பேறி என்று எழுதுவது அந்த ஜாதியைச் சேர்ந்ததல்ல. அது பொய், அயோக்கியத்தனமான பொய். பொய்க்கு மருந்து உண்மையைப் பக்கத்தில் வைப்பது.

இன்னொரு கணக்கும் உண்டு. நாட்டில் நாம் எத்தனை பேர்? பெரும்பான்மை நம் பக்கம் என்று சொல்லிக்கொள்ளும் நிலையில் நாம் இல்லை. கூலி உயர்வு கேட்டால் ஊரில் பாதிப்பேர் முகம் சுளிக்கிறார்கள். பிடிக்காத பேச்சை நிறுத்தலாம் என்பது விதியானால், முதலில் நிற்கப்போவது யார் பேச்சு? படிப்பகத்தில் இன்று நமக்குக் கை அதிகம். பக்கத்து ஊர்ப் படிப்பகத்தில் அவர்களுக்குக் கை அதிகம். அங்கே இந்தப் பத்திரிகையை நிறுத்தினால் என்ன முகத்தோடு போய் நாம் கேட்பது?

இவ்வளவையும் சென்ற கூட்டத்தில் சொன்னோம். கேட்டுக்கொண்டார்கள், முழுக்க ஒப்புக்கொண்டார்கள் என்று சொல்ல மாட்டோம். ஓட்டெடுத்ததில் நாலு கை வித்தியாசத்தில் தீர்மானம் தோற்றது. பேப்பர் வருகிறது. இளந்தோழர் இரண்டு நாள் நம்மிடம் பேசவில்லை. மூன்றாம் நாள் ஒரு முழுத் தாளோடு வந்தார். ஆத்தா சொல்லச் சொல்ல அவர் எழுதியது. காலை எத்தனை மணிக்கு வயலில் இறங்குவது, ஒரு ஆளுக்கு எத்தனை முடி நாற்று, மதியத்துக்கு என்ன சாப்பாடு, நடவு இல்லாத மாதங்களில் அடுப்பு எப்படி எரிகிறது, கூலி எவ்வளவு என்று ஒன்று விடாமல் இருந்தது. அந்தக் கட்டுரை எழுதியவர் ஒரு நாள் வந்து தன்னோடு வரிசையில் நிற்கட்டும், மதியக் கஞ்சி தான் ஊற்றுவதாகவும் சொல்லியிருந்தார்.

அந்தத் தாளைப் படிப்பகப் பலகையில், கிழிந்த பேப்பருக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது. பின்பெஞ்சுப் பெரியவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு முழுதும் படித்துவிட்டு, "முடி கணக்குத் தப்பு, இன்னும் கூட வரும்" என்று திருத்தினார். ஒரு நகலைத் தபாலில் அந்தப் பத்திரிகைக்கே அனுப்பியிருக்கிறோம். இன்னும் அச்சாகவில்லை. பார்ப்போம்.